பெட்டிமேல் வைத்த கை

1989-இல் டொலீடோ நகரத்தில் பழைய காமிக்ஸை உயிரைக் கொடுத்து வாங்குகிறவர்கள் மூன்றே பேர்தான். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனது கிடையாது, ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது. ஆனால் சனிக்கிழமை காலையானால், தட்டுமுட்டுச் சாமான் விற்கிற ஏதாவது ஒரு வீட்டு கராஜ் வாசலில் மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல் வந்து நிற்பார்கள்.

முதல் ஆள் எமில் குபியாக். கண்ணாடித் தொழிற்சாலையில் ஃபோர்மேன், நாற்பத்தாறு வயது, வாய் கொஞ்சம் நீளம். இரண்டாவது ராஸ் தர்கானி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவள் குரல் இருக்கும்போது அந்த பஸ்ஸுக்கு எதற்கு ஹாரன் வைத்தார்கள் என்று தெரியாது. மூன்றாமவர் ஆரின் பாம்கார்ட்னர், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். தொப்பியைக் கழற்றாமல் யாரிடமும் பேச மாட்டார். மரியாதையாலேயே ஆளைத் தீர்த்துக்கட்டக்கூடிய மனிதர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பெரிஸ்பர்க்கில் ஒரு வீட்டில் எமிலும் ராஸும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்து, பெட்டி கிழிந்து, அறுபது புத்தகம் ஈரப் புல்லில் விழுந்தது. வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயை எடுத்து இருவரையும் நனைத்து அனுப்பினார். நடுவில் சமாதானம் பேசப் போன ஆரினும் நனைந்தார். மறு வாரம் மூன்று பேரும் ஒரு டோனட் கடையில் நின்றபடியே மூன்று விதிகளைப் பேசி முடித்தார்கள். பெட்டிமேல் முதலில் கை வைத்தவருக்கே பேச்சுரிமை. அந்தக் கை பெட்டியில் இருக்கிற வரைக்கும் மற்றவர்கள் விலை பேசக்கூடாது, புருவம் தூக்கக்கூடாது, அர்த்தத்தோடு இருமக்கூடாது. கை எடுத்தால் அடுத்தவர் முறை. இது முதல் விதி. எந்தப் புத்தகத்தைத் தேடுகிறோம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது என்பது இரண்டாவது. ஒருவருக்குப் பெட்டியில் என்ன கிடைத்தது என்று இன்னொருவர் கேட்கக்கூடாது என்பது மூன்றாவது. எழுதி வைக்கவில்லை. ஆனால் நாட்டின் சட்டங்களைக்கூட அவர்கள் இவ்வளவு ஒழுங்காக மதித்ததில்லை. ஆரின் வண்டியை எங்கே நிறுத்தக்கூடாதோ அங்கேதான் நிறுத்துவார்.

இரண்டாவது விதி எமிலுக்கு மிகவும் வசதி. அவன் தேடியது ஒரே ஒரு புத்தகம்தான். 'கேப்டன் காண்டாமிருகம்', இதழ் பத்தொன்பது, 1954. அந்தக் கம்பெனி அதோடு கடையை மூடிவிட்டது. கடைசி இதழை அச்சடித்ததே கொஞ்சம். அதன் வாசகர் கடிதப் பக்கத்தில், பதினொரு வயது எமில் எழுதிய கடிதம் வெளியாகியிருந்தது. பதினேழாவது இதழில் கேப்டனுடைய வலது கையில் ஆறு விரல் போட்டுவிட்டார்கள் என்று அவன் கண்டுபிடித்து எழுதியிருந்தான். புத்தகத்தை வாங்கி, தெருவிளக்கின் கீழ் நின்று தன் பெயரை அச்சில் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினான். அந்த ஞாயிறுதான் பாதிரியார் காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பிரசங்கம் செய்திருந்தார். அம்மா அவன் வாயைத் திறக்கவே விடாமல் புத்தகத்தைப் பிடுங்கி நிலக்கரி அடுப்பில் போட்டுவிட்டாள்.

இந்தக் கதையை அவன் மனைவி டோலரெஸிடம் முதன்முதலில் சொன்னது பௌலிங் ஆடுகிற கூடம் ஒன்றில், காதலித்துக்கொண்டிருந்த காலத்தில். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். குற்றம் அவளுடையது அல்ல. அதே மாலையில்தான் அவன் ஈரி ஏரியில் மூன்றடி மீன் பிடித்த கதையையும் சொல்லியிருந்தான். அது சுத்தப் பொய். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் 'ஆறு விரல்' என்பது அந்த வீட்டில் பொய்க்கு வைத்த பெயராகவே ஆகிவிட்டது. ராத்திரி ஷிஃப்டில் ஆள் வரவில்லை, அதனால் தாமதம் என்று எமில் சொன்னால், டோலரெஸ் குழம்பைக் கிண்டிக்கொண்டே "ஆறு விரலா?" என்பாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்த மகளும் அதையே கேட்டாள். அவன் சிரித்துவிட்டு எழுந்து போனான். அது அவனுக்கு வலித்தது. அவன் சொன்ன பெரிய பேச்சுகளிலெல்லாம் நிஜமானது அது ஒன்றுதான், அதையே யாரும் நம்பவில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. பத்து மணிக்கு டோலரெஸின் தங்கை மகளுக்குக் கல்யாணம். செய்தித்தாளில் அன்று ஒரு விளம்பரம்: கணவருடைய சாமான்கள், அம்பதுகளின் காமிக்ஸ், ஒன்பது மணி. எமில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, நீலப் பட்டு கவுனும் தொப்பியுமாக இருந்த டோலரெஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு, நேராக அந்த முகவரிக்குப் போய் நிறுத்தினான்.

"பத்தே நிமிஷம், டோலி."

"பத்துக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் நானே வண்டிய எடுத்துட்டுப் போயிடுவேன். சர்ச்சுக்கு நீ நடந்து வா."

கராஜ் கதவு மேலே ஏறத் தொடங்கியபோது வாசலில் மூவரும் இருந்தார்கள். ஆரின், வழக்கம்போல, வீட்டுக்காரிக்கு வணக்கம் சொல்லத் தொப்பியைக் கழற்றினார். அதில் அவருக்கு மூன்று வினாடி போயிற்று. ராஸுக்கு முட்டிவலி, கதவு முழுசாக ஏறுகிற வரை குனிய முடியாது. எமில் நல்ல கோட்டோடு தரையில் பாதி தவழ்ந்து உள்ளே புகுந்து, டேபிள் டென்னிஸ் மேஜைமேல் இருந்த நீளமான அட்டைப்பெட்டியில் வலது கையை வைத்தான். பின்னால் வந்த இருவரும் நாலடி தள்ளி நின்றுவிட்டார்கள். ராஸ் ஒரு வாஃபிள் சுடுகிற மெஷினைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

இடது கையால் எமில் புத்தகங்களைத் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், சுற்றிலும் டேப் ஒட்டி. நடுவில் சாம்பல் நிறக் கொம்பு ஒன்று எட்டிப்பார்த்தது. கேப்டன் காண்டாமிருகம். எண் பத்தொன்பது. அவன் முகத்தைப் பல்வலிக்காரன் மாதிரி வைத்துக்கொண்டான்.

வீட்டுக்காரி தெல்மா வந்தாள். "எல்லாம் எம் புருஷனோடது. பல் டாக்டர்கிட்ட வேலை பாத்த ஒருத்தியோட அரிசோனா போயிட்டான். திரும்பி வந்தா இங்க ஒரு துரும்பு இருக்கக் கூடாது."

"பெட்டி மொத்தமும் எம்பது டாலர்," என்றான் எமில்.

"சரின்னுதான் தோணுது. ஆனா அன்னைக்கு டிவில ஏதோ ஒரு காமிக்ஸ் ஆயிரக்கணக்குல போச்சுன்னு சொன்னாங்க. லைமா ஊர்ல எங்க அண்ணன் இருக்கான், ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். உறைய மட்டும் பிரிச்சுடாதீங்க."

அண்ணனுடைய ஃபோன் பிஸியாக இருந்தது. தெல்மா சமையலறையில் ரிசீவரை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, முயற்சி செய்துகொண்டே இருந்தாள். எமில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பத்து நிமிஷம் போயிற்று. வெளியே ஹாரன் ஒருமுறை அடித்தது.

ஆரின் தன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். "ஒரு காபி குடிங்க, எமில். நின்னுக்கிட்டே இருக்கீங்க."

ஏழு வருஷத்தில் ஆரின் யாருக்கும் காபி கொடுத்ததில்லை. அதன் உள்நோக்கம் எமிலுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய மனிதர் மூடியில் ஊற்றி நீட்டும்போது வேண்டாம் என்பது எப்படி? இடது கையால் வாங்கிக் குடித்தான். ஆரின் மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தான். மூன்றாவது மூடிக்கு "வெயில் வேற" என்று ஒரு காரணமும் சொன்னார். காபி கொடுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லையே என்று எமில் தன்னைத்தானே நொந்துகொண்டான். டோனட் கடையில் நின்றுகொண்டு பேசிய விதிகளில் காபியையே மறந்திருக்கிறார்கள்.

முப்பது நிமிஷம் கழிந்தபோது அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தான். கழிவறை ஏழடி தூரத்தில், கராஜின் பின்சுவரில், கதவு திறந்தபடி இருந்தது. ஆரின் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்த விதமே அவர் அதைப் பார்த்துவிட்டார் என்று சொன்னது.

அப்போது டோலரெஸ் உள்ளே வந்தாள். கவுனின் கீழ்விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். "ஏன் எமில் அந்தப் பெட்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? பறந்துடுமா?"

"கைய எடுக்கக் கூடாது, டோலி. வந்து நீ கொஞ்சம் கை வையேன். நான் உள்ள போயிட்டு வந்துடறேன்."

ராஸ் வாஃபிள் மெஷினைக் கீழே வைத்தாள். "இரு, இரு. பொண்டாட்டி கை கணக்குல வருமா?"

"புருஷன் பொண்டாட்டி ஒண்ணுதானே," என்றான் எமில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சர்ச்சுல ஒண்ணு. கராஜ்ல எப்படி?"

ஆரின் கண்ணை மூடி யோசித்தார். "கை வைக்கிறவங்களுக்கு அந்தப் பொருள்மேல ஆசை இருக்கணும். அதுதான் முறை. மேடம், உங்கள ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இந்தப் பெட்டி வேணுமா?"

"எனக்கா? இந்தச் சனியனா? வீட்ல நாலாயிரம் கெடக்கு. அதுக்குப் பயந்து நான் துணி அலமாரியையே தொறக்கறதில்ல."

"அப்ப செல்லாது," என்றார் ஆரின், உண்மையாகவே வருத்தத்தோடு.

எமில் மனைவியைப் பார்த்தான். வயிறு முட்டியது, நெற்றி வேர்த்தது. இருபத்தைந்து வருஷம் தேடியது ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரண்டாவது விதியை அங்கேயே, எதிராளிகள் இருவர் காதிலும் விழ, அவன் உடைத்தான்.

"டோலி, இதுல பத்தொம்பது இருக்கு. காண்டாமிருகம் பத்தொம்பது. எங் கடுதாசி இதுக்குள்ளதான் இருக்கு."

டோலரெஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "கல்யாணத்தன்னிக்குமா? ஆறு விரலா?"

"என்ன ஆறு விரல்?" என்றாள் ராஸ். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டாள். டோலரெஸ் விதிகள் தெரியாதவள், எனவே முழுசாகச் சொல்லிவிட்டாள். பதினொரு வயது, கடிதம், நிலக்கரி அடுப்பு, மூன்றடி மீன் எல்லாம். எமில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. தான் தேடுவது என்னவென்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. இனி இந்த ஊரில் பத்தொன்பதாம் எண் தன் கையில் சிக்காது என்று அவன் முடிவே செய்துவிட்டான்.

ராஸ் நாலடியையும் கடந்து வந்து, அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். "நீ போயிட்டு வா. இது உங் கைன்னு நெனச்சுக்க."

பெரிஸ்பர்க்கில் பெட்டியைக் கிழித்தவள் அவள்தான். எமில் அவள் முகத்தைப் பார்த்தான், கழிவறைக் கதவைப் பார்த்தான். நம்பிக்கையா, அவசரமா என்று கேட்டால் அவனாலேயே பதில் சொல்ல முடியாது. கையை எடுத்துவிட்டு ஓடினான்.

கதவு மெல்லியது. உள்ளே நின்றபடி அவனுக்கு எல்லாம் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா லைமாவிலிருக்கும் அண்ணன் ஃபோனை எடுத்திருக்க வேண்டும்?

"அண்ணன் நூத்தம்பதுக்கு ஒரு பைசா கொறைக்காதேங்கறான்," என்றது தெல்மாவின் குரல். "சரியா?"

ராஸ் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"ஏங்க, உங்களத்தான். பெட்டில கைய வச்சுருக்கீங்கல்ல? சரியா, இல்லையா?"

"நான் வெறும் கை மட்டுந்தாங்க," என்றாள் ராஸ்.

"அப்ப வாய் யாரு?"

"வாய் பாத்ரூம்ல இருக்கு."

எமில் உள்ளேயிருந்து "சரி, சரி, நூத்தம்பது" என்று கத்தினான். ஆனால் சரியாக அதே சமயம் அவன் ஃப்ளஷ்ஷை இழுத்திருந்தான். அந்தக் காலத்துத் தொட்டி, அருவி மாதிரிச் சத்தம். வெளியே ஒரு எழுத்து கேட்டிருக்காது.

"ஐயா, நீங்க?" என்று தெல்மா ஆரினைக் கேட்பது கேட்டது.

எமில் அவசரமாகப் பெல்ட்டை மாட்டினான். ஆரினிடம் எப்போதும் சட்டைப்பையில் இருநூறு டாலர் இருக்கும். தொப்பி கழற்றுகிற சத்தம்கூடக் கேட்டதாக அவனுக்குத் தோன்றியது.

"மன்னிக்கணும், மேடம். பெட்டில இன்னொருத்தர் கை இருக்கு. நான் பேசறதுக்கில்ல."

"அவங்க கைதான் அவங்களோடதே இல்லேங்கறாங்களே. உங்க மூணு பேருக்கும் என்ன ஆச்சு? நான் இத இந்த வாரம் குப்பைக்காரன்கிட்டயே குடுத்துடறேன், போங்க."

அப்போது டோலரெஸின் கைப்பை 'டக்'கென்று திறந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எமிலுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"இந்தாங்க நூத்தம்பது. எண்ணிக்கிட்டு ஆள விடுங்க. எனக்குக் கல்யாணத்துக்குப் போகணும்."

"டோலரெஸ் மேடம்," என்றார் ஆரின், அதிர்ந்துபோய், "உங்களுக்கு வேணாம்னு சொன்னீங்க."

"இப்ப வேணும். இருபத்திரண்டு வருஷமா எங் காதுல ரத்தம் வருது. இன்னைக்குத் தொறந்து பாத்துட்டு இந்த ஆறு விரலுக்கு ஒரு முடிவு கட்டணும்."

எமில் வெளியே வந்தபோது மணமகளுக்கு வைத்திருந்த பணக் கவர் தெல்மா கையில் இருந்தது, பெட்டி டோலரெஸ் கையில். ராஸ் தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "நடுவுல நான் கைய எடுக்கலப்பா. அந்தம்மா பணம் வாங்கினப்புறந்தான் எடுத்தேன். ஆனா பெட்டி இப்ப உன்னுது இல்ல, அவங்களுது."

எமில் ஆரினைப் பார்த்தான். ஆரின் தலையை அசைத்தார். அப்பீல் இல்லை. விதிப்படி எமில் ஒரு எதிராளியிடம் தோற்றுவிட்டான், அந்த எதிராளி நீலப் பட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

டோலரெஸ் பத்தொன்பதை உருவி, நகத்தால் டேப்பைக் கிழித்தாள். மூன்று வாங்குகிறவர்களும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். டேப்பை அப்படிக் கிழிக்கக் கூடாது. அவள் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள், ஒரு இடத்தில் நின்றாள், வாய் அசையப் படித்தாள். பக்கத்தின் அடி வரை வந்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். பிறகு புத்தகத்தை மூடி, கைப்பையில் வைத்து, 'டக்'கென்று பூட்டினாள்.

"போலாம். நேரமாச்சு."

இருந்ததா, இல்லையா? எமிலின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ராஸும் ஆரினும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கிடைத்ததை மற்றவர் கேட்கக் கூடாது. அன்றைக்கு ஒரு விதியை உடைத்தாயிற்று, இன்னொன்றையும் உடைக்க அவனுக்கு முகமில்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். ஆரின் டோலரெஸுக்குத் தொப்பியைத் தூக்கி, "அடுத்த சனிக்கிழமை பாக்கலாம், மேடம்" என்றார். எமிலிடம் அவர் அப்படி ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

வண்டி ஓடியது. ஒரு சிக்னல், இரண்டு சிக்னல். டோலரெஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எமில் பயந்தான்.

"கல்யாணப் பொண்ணுக்கு இப்ப என்ன குடுக்கப் போறோம்?" என்றான், எதையாவது பேச வேண்டுமே என்று.

"வாஃபிள் மெஷின். தெல்மா சும்மா குடுத்தா."

மூன்றாவது சிக்னலும் போயிற்று. சர்ச்சின் கோபுரம் தெரிந்தது. எமில் வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு கேட்டான்.

"இருந்துச்சா?"

அவள் திரும்பினாள். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. அழுகை இல்லை, சிரிப்பு. வாயைப் பொத்தி அடக்கி அடக்கி, அடங்காமல் போன சிரிப்பு. கைப்பையைத் திறந்து, பக்கத்தைப் பிரித்துப் படித்தாள்.

"'அன்புள்ள ஆசிரியருக்கு, பதினேழாம் இதழ் நாலாம் பக்கத்தில் கேப்டனின் வலது கையில் ஆறு விரல் இருக்கிறது. நான் நான்கு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். இப்படிக்கு, எமில் குபியாக், வயது பதினொன்று, டொலீடோ, ஒஹையோ.'"

எமில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். "நான் சொன்னேன்ல. நான் சொன்னேன்ல, டோலி."

"இரு. கீழ ஆசிரியர் பதில் போட்டிருக்காரு."

"பதிலா?"

"'அன்புள்ள எமில், ஐந்தாவது முறையும் எண்ணவும். கேப்டன் ஒரு கொரில்லாவோடு கை குலுக்குகிறார். ஒரு விரல் கொரில்லாவுடையது.'"

அவன் அதைப் படித்ததே இல்லை. தெருவிளக்கின் கீழ் தன் பெயரைப் பார்த்த நிமிஷமே ஓடத் தொடங்கிவிட்டான். அதற்குக் கீழே ஏதோ இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அவன் கண்டுபிடித்த தப்பு தப்பே அல்ல. டோலரெஸ் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். எமில் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு ராத்திரி விருந்தில் ஒவ்வொரு மேஜையிலும் இந்தக் கொரில்லா போய் உட்காரும், சந்தேகமே இல்லை. மகளுக்கு நாளைக் காலையே ஃபோன் போகும்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. டோலரெஸ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவன் கோட்டுக் கையில் ஒட்டியிருந்த கராஜ் தூசியைத் தட்டிவிட்டாள்.

"நீ பொய் சொல்லல," என்றாள். "எத்தனை வருஷம். நான்தான் நம்பல. மன்னிச்சுக்க, எமில்."

அவன் தலையை ஆட்டினான். சர்ச்சில் மணி அடித்தது. படியில் நின்ற டோலரெஸின் தங்கை இவர்கள் வண்டியைப் பார்த்துச் சீக்கிரம் வரச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

"இன்னொரு தடவ படி," என்றான் எமில்.

"கொரில்லாவா?"

"இல்ல. எம் பேரு வர்ற எடம்."

அவள் புத்தகத்தை மடியில் விரித்து, விரலை வைத்து, பெயர் வருகிற வரியை நிதானமாகப் படித்தாள். அவன் கேட்காமலே இன்னொரு முறையும் படித்தாள்.